பதினோராவது வளைவில் ஹாரன்

மலைப்பாதையான கேப் ரோட்டில் மண் சரிந்து மூன்றாம் நாள் காலையில் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போயின. அதற்குள் சித்திரபுரம் ஜீப் ஸ்டாண்டில் எல்லாருக்கும் பொறுமை போயிருந்தது. சுற்றுலா வண்டிகள் ஓடக் கூடாது என்று உத்தரவு. பதினான்கு ஜீப்புகள் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. டிரைவர்கள் முதல் நாள் தூங்கினார்கள். இரண்டாம் நாள் சீட்டாடினார்கள். மூன்றாம் நாள் சீட்டுக்கட்டில் ஒரு ராணி காணாமல் போனதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே, போனுக்குச் சார்ஜ் ஏற்ற எங்கள் கடைக்கு வந்தார்கள்.

எங்கள் கடை என்றால் நிமி சேச்சியின் கடை. ஸ்டாண்டுக்கு எதிரே, சாக்லேட் விற்கும் கடையின் மாடியில், ஆறு கம்ப்யூட்டர் வைத்த கேமிங் சென்டர். நான் கல்லாவில் இருப்பவள். பெயர் எப்சிபா. பத்தாம் வகுப்பில் பாதியோடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தெரிந்த பதிலும் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். ஒரு நாள் அப்படி முழு பீரியடும் நின்றேன். மறுநாளிலிருந்து போகவில்லை. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். நான் வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று நிமி சேச்சியிடம் கொண்டுவந்து விட்டார். இங்கே பேச வேண்டியது குறைவு. எத்தனை மணி நேரம், நேரம் முடிந்தது. அவ்வளவுதான்.

கடை வாசலில் இன்னும் 'லாஸ்ட் பிக்கெட் 9' போஸ்டர் தொங்குகிறது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. இருபது வருடத்தில் ஒன்பது பாகம் வந்துவிட்டது. ஐந்தாம் பாகம் வந்தபோது மாடிப்படி முழுக்கப் பையன்கள் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்ததாக நிமி சேச்சி சொல்வார். ஒன்பதாம் பாகத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அதில் இலவசமாக ஆயிரம் விளையாட்டு இருக்கிறது. ஒன்பதாம் பாகத்தைத் திறந்தால் முதலில் அரை மணி நேரம் ஏதாவது இறக்கிக்கொள்ளும். பிறகு எந்த நாட்டிலோ இருக்கும் பத்துப் பேரோடு நம்மைக் கோத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் பத்துப் பேரும் கலைந்து காணாமல் போவார்கள். தோற்றவன் தன்னைத் தோற்கடித்தவனை மறுபடி பார்க்கவே முடியாது. எதிரி எங்கே இருக்கிறான் என்று மூலையில் சிவப்புப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். தேடவும் வேண்டாம், காது கொடுத்துக் கேட்கவும் வேண்டாம்.

அதனால் நிமி சேச்சி முடிவெடுத்துவிட்டார். ரோடு திறந்ததும் திங்கட்கிழமை ஆறு கம்ப்யூட்டரும் அடிமாலிக்குப் போகின்றன. அங்கே ஒருவர் வாங்கிக்கொள்கிறார். இந்த இடத்தில் பேய் வீடு வரப்போகிறது. கறுப்புத் துணி, எலும்புக்கூடு, சிவப்பு லைட்டு. டூரிஸ்டுகளுக்குப் பிடிக்குமாம்.

"நீ பயப்படண்டா மோளே. உனக்கும் வேல உண்டு" என்றார். "முகமூடி இட்டு திரைக்குப் பின்னால நின்னா மதி, அது போதும். பேய்க்குப் பேச்சு வேண்டாமல்லோ."

நல்ல மனதோடுதான் சொன்னார். பேசாதவளுக்குப் பொருத்தமான வேலை தேடிக் கொடுத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. நான் தலையாட்டினேன். எனக்கு வேறு கவலை. ஆறு கம்ப்யூட்டரிலும் யாருக்கும் தெரியாமல் என்னுடைய ஊர் ஒன்று இருந்தது.

லாஸ்ட் பிக்கெட்டின் இரண்டாம் பாகம் மிகப் பழையது. அதில் படம் சோளப்பொரி மாதிரி பொடிப்பொடியாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. விளையாடும் இடத்தை நாமே கட்டிக்கொள்ளலாம். மூன்றாம் பாகத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆள் வராத நேரங்களில் இரண்டு வருடமாக நான் அதில் கட்டிக்கொண்டிருந்தேன். நோட்டில் வரைந்து, நடந்து அளந்து, மறுநாள் வந்து கட்டுவேன். ஆற்றுப் பாலத்திலிருந்து மேல் டிவிஷன் வரை ஏறும் எஸ்டேட் ரோடு. பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். தேயிலைச் செடி அந்த விளையாட்டில் கிடையாது, தோட்டத்து முட்டைக்கோஸைப் பெரிதாக்கி வரிசையாக வைத்தேன். ராணுவக் கொட்டகையைப் பன்னிரண்டு கதவு வருகிற மாதிரி நீட்டி எங்கள் லயத்து வீட்டு வரிசையைச் செய்தேன். பனிப்புயலைப் பாதியாகக் குறைத்தால் எங்கள் ஊர் மூடுபனி. ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களம்தான் மேலே இருக்கும் கோட்டை.

பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் அதைச் செருக ஒன்றும் இல்லை. பென் டிரைவுக்குள் ஊர் இருந்து என்ன, அதில் யாரும் ஏறி வர முடியாது.

மூன்றாம் நாள் அன்று, கீழ்க்கடை ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் நான்கு கம்ப்யூட்டர்தான் ஓடின. டிரைவர்கள் போனைச் சொருகிவிட்டு ஜன்னலோரம் நின்று, மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கதுரை அண்ணன் ஒன்பதாம் பாகத்தைத் திறந்து பார்த்தார். சர்வர் கிடைக்கவில்லை என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது என்ன, நம்ம ஸ்டாண்டு மாதிரி சும்மா சுத்திக்கிட்டே கெடக்கு" என்றார்.

நான் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூலைக் கம்ப்யூட்டரில் என்னுடைய ரோட்டைத் திறந்தேன். எட்டாவது வளைவில் ஒரு தடுப்புச் சுவர் மிதந்துகொண்டிருந்தது. திங்களுக்குள் அதையாவது தரையில் இறக்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

"ஏம்மா, நில்லு."

பின்னால் நல்லமுத்து அண்ணன். ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர், படிக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருப்பவர். கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்கிரீனுக்கு நெருங்கிக் குனிந்தார்.

"இது நம்ம எட்டாம் வளைவுல்லா. அந்தா கலுங்குப் பாலம். லே தங்கதுரை, இங்கிட்டு வாயேன்."

எனக்குக் காது சுட்டது. மூடிவிடப் போனேன். அதற்குள் ஏழு பேர் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். ஈர ஜாக்கெட்டும் டீசலும் மணத்தன.

"கோயில் எங்க?"

"அதுக்கு மேல. அடுத்த வளைவுல. இருக்கான்னு பாரு."

நான் மவுஸை நகர்த்தினேன். கோயில் இருந்தது. உள்ளே சாமி இல்லை, அதற்கு ஏற்ற பொம்மை கிடைக்கவில்லை. தபால்பெட்டி ஒன்றை வைத்திருந்தேன். அதைப் பற்றி நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

"யாரு செஞ்சது?" என்றார் தங்கதுரை அண்ணன்.

நான் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினேன். நல்லமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார். "யாரு செஞ்சா என்ன. வண்டி ஓடுமா அதுல?"

நான்கு கம்ப்யூட்டரையும் ஒரே வயரில் இணைத்தேன். நெட் தேவையே இல்லை. இரண்டு பேர் பெரட்டுக்களத்தில் காவல், அவர்களும் ஜீப்பில் இறங்கி வந்து மறிக்கலாம்; இரண்டு பேர் பாலத்திலிருந்து ஜீப்பில் சரக்கேற்றிக்கொண்டு மேலே வந்து சேர வேண்டும். குண்டு பட்டால் மறுபடி கீழேயிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவையும் நான் வாயால் சொல்லவில்லை, ஒரு தாளில் எழுதி நீட்டினேன்.

முதல் ஆட்டம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. விளையாட்டில் ஸ்டீரிங் இடது பக்கம் இருந்ததால் தங்கதுரை அண்ணன் நேராக ஆற்றுக்குள் போனார். இரண்டாவது ஆட்டத்தில் நல்லமுத்து அண்ணன் காவல் பக்கம். எதிரி ஜீப் கீழேயிருந்து ஏறி வருவதைப் பார்த்ததும் தன் ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். எதிரி பக்கத்தில் வந்து நிதானமாகச் சுட்டுவிட்டுப் போனான்.

"ஏன் அண்ணாச்சி நிறுத்துனீக?"

"ஏறுற வண்டிக்கு வழி விடணும்லா."

"உம்மச் சுட வர்றான்யா அவன்."

"சுடட்டும். ஏறிட்டுத்தான சுடணும்."

மாடி குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் வேறொன்று நடந்தது. ஜீப் வளைவுக்கு வரும்போதெல்லாம் ஓட்டுகிறவர் கை தானாக ஹாரன் பட்டனை அழுத்தியது. ஒளிந்து வர வேண்டிய எதிரி, பதினோரு வளைவிலும் நான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அழுத்தாதே என்றால் அவரால் முடியவில்லை. தங்கதுரை அண்ணன் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தார், ஆறாவது வளைவில் கை வெளியே வந்துவிட்டது.

மறுநாள் அது தவறாக இல்லாமல் விதியாக மாறிவிட்டது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். அதன் பிறகுதான் விளையாட்டே சூடு பிடித்தது. ஹாரன் அடித்துவிட்டு வளைவுக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளலாமா? அடித்துவிட்டு இறங்கி முட்டைக்கோஸுக்குள் பதுங்கலாமா? பதுங்கலாம், ஆனால் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நல்லமுத்து அண்ணன் தீர்ப்புச் சொன்னார். மூடுபனியில் ஒன்றும் தெரியாது. ஹாரன் சத்தத்தை வைத்து அவன் ஐந்தில் இருக்கிறானா ஆறில் இருக்கிறானா என்று நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அப்போது அறையில் மழைச் சத்தம் மட்டும் இருக்கும். பிறகு யாராவது சுடுவார்கள். பிறகு ஒரே கூச்சல். தோற்றவர் எழுந்திருக்க மாட்டார், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து இன்னொன்று என்பார். நிமி சேச்சி படியேறி வந்து எட்டிப் பார்த்தார், இறங்கிப் போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. மழை விட்டுவிடுமோ என்று ஜன்னலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஊரெல்லாம் மழை நிற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மழையில் அட்டை கடித்துக் கால் இரண்டும் புண். அது நினைவுக்கு வரும்போது வெட்கமாக இருக்கும். ஆனாலும் ஜன்னலுக்குப் போவேன்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஒருவர் முழுக்க நனைந்து மேலே வந்தார். முப்பது வயதிருக்கும். மடிக்கணினிப் பையைக் குழந்தை மாதிரி மழைக்கோட்டுக்குள் அணைத்து வைத்திருந்தார்.

"நெட் இருக்கோ இங்கே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஈஸ்வரா. திங்களாழ்ச்சை நான் ஒரு ரிப்போர்ட் அனுப்பணுமாக்கும். அப்பா அம்மாவைக் கூட்டிண்டு ரெண்டு நாளைக்குன்னு வந்தேன், அஞ்சு நாளா ஹோம்ஸ்டேல மாட்டிண்டு..." பேச்சு அங்கேயே நின்றது. அவர் ஸ்கிரீன்களைப் பார்த்துவிட்டார். "இது பிக்கெட் ரெண்டு இல்லையோ? இதை இன்னமும் யார் ஆடறா?"

அவர் பெயர் கிச்சா. கல்பாத்திக்காரர். பெங்களூரில் லாஸ்ட் பிக்கெட் செய்யும் கம்பெனியில்தான் வேலை. அவர் அனுப்ப வேண்டிய ரிப்போர்ட், இந்த விளையாட்டை விட்டுப் போனவர்களை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதைப் பற்றியதாம். பத்தாம் பாகம் அதை வைத்துத்தான் முடிவாகும். நாற்பது பக்கம் தயார் செய்திருந்தார். அப்போதே திறந்து காட்டினார். புதிய துப்பாக்கிகள், சினிமா நடிகர் முகம் போட்ட சிப்பாய்கள், பிணங்கள் எழுந்து வரும் ஆட்டம். அதைக் காட்டும்போதே அவருக்குக் கொட்டாவி வந்தது.

"அண்ணா, நானும் ஒரு ஆட்டம் ஆடலாமோ?" என்று நல்லமுத்து அண்ணனைக் கேட்டார்.

"உக்காருங்க சார். பாத்து, ரோடு வழுக்கும்."

கிச்சா நன்றாக விளையாடினார். அது அவருடைய தொழில். பாலத்தில் ஏறினார், வளைவுகளில் வேகத்தைக் குறைக்கவே இல்லை, ஹாரனைத் தொடவும் இல்லை. டிரைவர்கள் ஒவ்வொரு வளைவுக்கும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை. பதினோராவது வளைவில் தங்கதுரை அண்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தார். முறையாக ஹாரன் அடித்தார், பதில் வரவில்லை என்றதும் தைரியமாகத் திரும்பினார். கிச்சாவின் ஜீப் பனிக்குள்ளிருந்து நேராக வந்து அவரை இடித்துப் பள்ளத்தில் தள்ளியது.

"ஜெயிச்சாச்சு" என்றார் கிச்சா.

யாரும் கூச்சல் போடவில்லை. தங்கதுரை அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"கல்பாத்தி."

"அங்க வளைவே கிடையாதோ?"

"ஏன் கிடையாது? தேர் திரும்பற வளைவு இருக்கே."

"தேருக்கு முன்னால மேளம் வருதுல்லா. சத்தமில்லாமலா திரும்புது?" தங்கதுரை அண்ணன் எழுந்தார். "வளைவுல ஹாரன் அடிக்காதவன்கூட நமக்கு என்ன வெளையாட்டு. வாங்கண்ணே, டீ குடிப்போம்."

மற்றவர்களும் எழுந்தார்கள். கிச்சா நாற்காலியோடு திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "நான் ஏமாத்தலை கேட்டேளா. கேம்ல அப்படி ஒரு ரூலே கிடையாது. இதை உண்டாக்கினவாகிட்ட வேணும்னா கேளுங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லவே இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வகுப்பில் நின்ற அந்த பீரியட் நினைவுக்கு வந்தது. பெஞ்சு மேல் கை வைத்து நின்றது போலவே இப்போது கல்லா மேல் கை வைத்து நின்றிருந்தேன். பேசாமல் இருந்தால் அவர்கள் படியிறங்கிப் போய்விடுவார்கள். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"ரூல் கேம்ல இல்ல" என்றேன். "நான் வைக்கல. இவுகதான் கொண்டாந்தாக."

"எங்கேருந்து?"

"ரோட்டுலருந்து."

கிச்சா காத்திருந்தார்.

"ஒம்பதாம் பாகத்துல யாரும் எதையும் கொண்டுவர முடியாது சார். எல்லாம் அதுலயே இருக்கு. நம்ம வெறுங்கையோட போயி வெறுங்கையோட வரணும். யாரு வந்தா, யாரு போனான்னுகூட அதுக்குத் தெரியாது. இதுல ஊரு இவுகளோடது. ஹாரனும் இவுகளோடது. அதான் திரும்பித் திரும்பி வாராக."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. உட்கார்ந்துகொண்டேன். நல்லமுத்து அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சரி, சார் ஒரு ஆட்டம் வெளிய உக்காரட்டும். அதுக்கப்புறம் ஆடலாம்."

கிச்சா ஒரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். பிறகு மாலை வரை ஆடினார். ஹாரன் அடிக்கக் கற்றுக்கொண்டதும் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றார். நடுநடுவே என்னிடம் வந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எப்படிக் கட்டினாய், எந்தக் கருவி, மூன்றாம் பாகத்திலிருந்து எடுத்துவிட்டது இதில் இருப்பது எப்படித் தெரிந்தது. போகும்போது நாற்பது பக்கத்தில் முப்பத்தைந்தை அழித்துவிட்டதாகச் சொன்னார்.

"நாலு நாள், ஒரே ரூம், நெட் இல்லை, பழைய மெஷின். இருந்தும் ஆள் ஒழியலை. இதைத்தான் எழுதப் போறேன். நாளைக்கும் வந்து போட்டோ எடுத்துக்கறேன்."

ஞாயிறு காலை கண் விழித்தபோது லயத்து ஜன்னலில் வெயில் இருந்தது. ரோடு திறந்துவிட்டார்கள். நான் சர்ச்சுக்குப் போய்விட்டு ஓட்டமாகக் கடைக்கு வந்தேன். ஸ்டாண்டில் ஒரு ஜீப்கூட இல்லை. நனைந்த தார்ப்பாய்கள் மட்டும் வேலி மேல் காய்ந்துகொண்டிருந்தன. அடைபட்டுக் கிடந்த டூரிஸ்டுகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தார்கள். அத்தனை டிரைவர்களுக்கும் சவாரி. பதினொரு மணி வரை, பன்னிரண்டு மணி வரை ஒருவரும் படியேறவில்லை. கரண்டு வந்து ஆறு கம்ப்யூட்டரும் ஓடின. ஆறு நாற்காலியும் காலி.

"கண்டோ?" என்றார் நிமி சேச்சி. கோபமில்லை, பாவப்பட்டுத்தான் சொன்னார். "மழை உண்டெங்கில் ஆள் உண்டு. மழை நிக்கறப்போ ஆளும் நிக்கும்."

கிச்சா கேமராவோடு வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். "மத்தியானம் வருவாளோ?"

வருவார்கள் என்று சொல்லிவிட்டால் போதும். சனிக்கிழமை பார்த்ததை மட்டும் வைத்து அவர் எழுதிவிடுவார். பத்தாம் பாகத்தில் ஊர் கட்டும் கருவி திரும்ப வரலாம். என் நாக்கின் நுனியில் அது இருந்தது. ஆனால் இந்த நான்கு நாளும் ஹாரன் அடித்து அடித்து விளையாடியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"வரமாட்டாக சார். ரோடு தெறந்தாச்சு. இனி நிஜ வண்டி ஓட்டுவாக."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "அப்போ நான் எழுதினதெல்லாம்?"

"ரோடு மூடுன அன்னைக்கு இது ஓடுச்சு. ஒம்பதாவது ஓடல. அத எழுதுங்க."

"வருஷத்துல நாலு நாள் ரோடு மூடறதுக்காக ஒரு கேம் பண்ணச் சொல்றியா?"

"ஒவ்வொரு ஊர்லயும் ஏதாவது ஒரு நாள் மூடிக்கிட்டுத்தான சார் இருக்கும்."

கிச்சா மடிக்கணினியைத் திறந்து, வந்திருந்த நெட்டில் ரொம்ப நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் என் ஊரைப் போட்ட பென் டிரைவைக் கொடுத்தேன். கொடுத்த பிறகு திரும்ப வாங்கிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். என் நம்பரைக் குறித்துக்கொண்டு அவர் போனார். அவருடைய அம்மாவுக்கு வளைவில் வாந்தி வருமாம், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டே இறங்கினார்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் ஏற்ற வந்தது தங்கதுரை அண்ணன் ஜீப். நான் வயர்களைச் சுருட்டிக் கட்டினேன். மெத்தைக்குப் பதிலாகச் சாக்குகளை விரித்து, ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார். நான்கு ஏற்றியதும் டிக்கியைச் சாத்திவிட்டார்.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றார் நிமி சேச்சி.

"அது இருக்கட்டும். அடிமாலிக்கு வாடகை வேண்டாம், அதுக்குப் பதிலா அந்த ரெண்டும் ஸ்டாண்டு ஆபீஸுக்கு."

"எந்தினா? நிங்ஙள் எல்லாம் வண்டி ஓட்டான் போயல்லோ."

"மழைக்காலம் இனியும் ரெண்டு மாசம் கெடக்கு சேச்சி." அவர் என்னைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கினார். "எப்சி வந்து மாட்டிக் கொடுத்தாப் போதும். பெறவு, எட்டாம் வளைவுல ஒரு சுவரு அந்தரத்துல நிக்கி. அண்ணாச்சி அது கீழயே நுழைஞ்சு நுழைஞ்சு தப்பிக்காரு. அத எறக்கி வையி."

நிமி சேச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இரண்டும் மிகப் பழைய பெட்டிகள், அடிமாலிக்காரர் அவற்றை வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்திருப்பார். "கொண்டு போ" என்றார். பிறகு என்னிடம், "செவ்வாழ்ச்சை பேய் வீட்டுக்குத் துணி வரும். நீ வருமோ?"

"வரல சேச்சி" என்றேன். வேறு என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் தெரியாது. அவருக்கு என் பதிலைவிட நான் பதில் சொன்னதுதான் ஆச்சரியம்.

ஸ்டாண்டு ஆபீஸ் என்பது தகரம் போட்ட ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு காலண்டர், எப்போதும் நான்கைந்து ஆண்கள். வாசலிலேயே இரண்டு நிமிடம் நின்றேன். நல்லமுத்து அண்ணன் உள்ளேயிருந்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்க, ப்ளக் பாயிண்டு இந்தப் பக்கம்" என்றார். உள்ளே போனேன்.

அதன் பிறகு ஒரு வாரம் மழையே இல்லை. கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தி வைத்திருக்கிறார்கள். நான் தினமும் சாயங்காலம் போய் எதையாவது சரிசெய்கிறேன்; முதல் நாள் சுவரை இறக்கினேன், மறுநாள் கோயிலுக்குள்ளிருந்து தபால்பெட்டியை எடுத்துவிட்டு ஒரு கல்லை வைத்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பேன்.

நேற்று கிச்சாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ரிப்போர்ட்டை மேலதிகாரிகள் படித்துவிட்டார்களாம். ஊர் கட்டும் கருவியைப் பத்தாம் பாகத்தில் வைப்பதைப் பற்றிப் பேசுகிறார்களாம், வரும் என்று இன்னும் சொல்ல முடியாதாம். ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். ஹாரன் அடித்தால் எதிரிக்கு நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. பாயிண்டும் கிடையாது, பரிசும் கிடையாது. அப்படியானால் அடிக்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு வரியில் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

நேற்றிலிருந்து எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். மரியாதை என்று எழுதினேன், அது சரியாக இல்லை. பழக்கம் என்று எழுதினேன், அதுவும் இல்லை. இன்று நான்கு மணிக்கு ஸ்டாண்டு ஆபீஸ் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலே எங்கோ ஒரு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கீழேயிருந்து, பாலத்துப் பக்கம், இன்னொரு ஹாரன் கேட்டது.

'கீழேயிருந்து பதில் கிடைக்கும்' என்று தட்டி அனுப்பினேன்.

ஒற்றை டிக்தான் விழுந்தது. நெட் போய்விட்டிருந்தது. தகரத்தின் மேல் முதல் துளிகள் விழத் தொடங்கின. நல்லமுத்து அண்ணன் கம்ப்யூட்டர் மேலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.